ஏழாம் நம்பர் ஜாக்கெட்

"திருடன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு சார்! உங்க மச்சானே கண்டுபிடிச்சிட்டார். நீங்க வந்து கடிகாரத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தா போதும்."

ஏரிக்கரை விடுதியின் வராந்தாவில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் செய்தித்தாளை மடித்து வைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது; பட்டம் மட்டும் அவரை விட்டபாடில்லை. எதிரே மூச்சிரைக்க நின்றவர் பக்கத்து அறைத் தலைமையாசிரியர். கோடை விடுமுறைக்கு மகளோடும் மருமகனோடும் வந்து இன்றோடு ஐந்து நாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்."

விஷயம் இதுதான். தலைமையாசிரியர் முப்பது வருடம் கட்டிய கைக்கடிகாரத்தைக் கல்யாணத்தன்று மருமகனுக்குக் கொடுத்திருந்தார். "தண்ணிப் பக்கம் கொண்டு போகாதீங்க" என்று இங்கு வந்த அன்றே சொல்லியிருந்தார். அறை மேஜை மேல் இருந்த அந்தக் கடிகாரம் இன்று காலை எட்டு மணிக்குக் காணோம். ஏழு மணிக்கு வெந்நீர் வைக்க அறைக்குள் வந்தவர் படகுக்காரர் ஒருவர்தான்.

"உங்க மச்சான் படகுக்காரன் பையைக் கொட்டிப் பார்த்தார். ஈரச் சட்டை, ஈரப் பேன்ட்! ஏரியில எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஊரைப் பார்த்துப் போயிடுன்னு விடுதிக்காரம்மா சொல்லிட்டாங்க. பதினோரு வருஷ வேலையாம், பாவம்."

கடைசி வார்த்தையை அவர் பெரிய மனசோடு சொன்னார்.

படகுத்துறையில் மச்சான் மார்பை நிமிர்த்தி நின்றிருந்தார். ஊரில் தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர். விடுமுறையில் அத்தானுக்கு ஒரு வழக்குக்கூடக் கிடைக்கவில்லையே என்று அத்தானைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர். அவர் காலடியில் ஒரு துணிப்பை வாய் பிளந்து கிடந்தது. சீப்பு, சோப்புப் பெட்டி, ஒரு பழைய போட்டோ, நனைந்த துணிகள் எல்லாம் மண்ணில். விடுதியில் தங்கியிருந்தவர்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் கைகட்டித் தரையைப் பார்த்து நின்றார்.

"ஆளு வாயே திறக்க மாட்டேங்கிறான் அத்தான். 'ஏன்டா நனைஞ்சே'ன்னா, குளிச்சேங்கிறான். பேன்ட்டோட யாராவது குளிப்பாங்களா?"

"நல்ல கேள்வி மச்சான். பதிலுக்கு நீதான் காத்திருக்கலை." இன்ஸ்பெக்டர் படகுக்காரரிடம் திரும்பினார். "இன்னைக்கு யாராவது படகு எடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"நேத்து?"

"மத்தியானத்துக்கு மேல காத்துங்க. ஒரு படகும் இறக்கல."

இன்ஸ்பெக்டர் படகுக் கொட்டகையைப் பார்த்தார். ஆணிகளில் ஆறு லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஏழாவது மட்டும் வெளியே கொடியில், உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போடப்பட்டிருந்தது.

மருமகன் சற்றுத் தள்ளி மனைவியோடு நின்றிருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். காபி டம்ளரை விரல் நுனிகளால் மட்டும் பிடித்திருந்தார்.

"நீங்க எப்ப எழுந்தீங்க?"

"எட்டு மணிக்கு சார்."

"இந்த அஞ்சு நாள்ல படகு ஓட்டினீங்களா?"

"இல்ல. அவர்தான் ஓட்டுவார்."

இன்ஸ்பெக்டர் கொட்டகையிலிருந்து ஒரு துடுப்பை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார். "கொஞ்சம் பிடிங்களேன்."

மருமகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். வாங்கின வேகத்தில் "ஸ்ஸ்!" என்று முகம் சுளித்தார். துடுப்பு கீழே விழுந்தது. உள்ளங்கை இரண்டிலும் புதுக் கொப்புளங்கள்.

"மச்சான், முதல் நாள் ஜாக்கெட் பத்தி படகுக்காரர் நம்மகிட்ட என்ன சொன்னார்?"

மச்சானின் மார்பு கொஞ்சம் இறங்கியது. "நனைஞ்சதை உள்புறம் திருப்பிக் கொடியில போடுவாராம். காய்ஞ்சதும் நேராக்கி ஆணியில மாட்டுவாராம்."

"அந்த ஏழாம் நம்பரைத் தொட்டுப் பார்."

மச்சான் போய்த் தொட்டார். திரும்பி வர அவருக்கு நேரம் பிடித்தது. "சொட்டச் சொட்ட ஈரம் அத்தான்."

"நேத்து மத்தியானத்துக்கு மேல படகு இறங்கலை. அப்போ இது இன்னைக்குக் காலையில நனைஞ்சது. ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் ஏரியில விழுந்திருக்கார். போட்ட துணியோட ஒருத்தர் குதிச்சுத் தூக்கியிருக்கார். குதிச்சவர் துணிதான் நீ மண்ணுல கொட்டினது. விழுந்தவர் கையில கொப்புளம். எல்லாரும் எழுந்திருக்கறதுக்குள்ள திரும்பணும்னா நேரம் பார்க்கணும்; கடிகாரம் கட்டாம போக முடியாது. கடிகாரம் எங்கே போச்சுன்னு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

மருமகனின் முகம் காதுமடல் வரை சிவந்துவிட்டது. மனைவியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் மாமனாரைப் பார்த்தார். அங்கேயும் பார்க்க முடியவில்லை.

"காலேஜ்ல படகுப் போட்டியில ஜெயிச்சேன்னு இவகிட்ட அளந்து விட்டிருந்தேன். நாளைக்கு எங்க கல்யாண நாள். நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். துடுப்பே பிடிச்சதில்ல சார். விடியக்காலையில பழகிப் பார்க்கலாம்னு போனேன். நடுவுல எழுந்து நின்னேன், கவிழ்ந்துட்டேன். ஸ்ட்ராப் அறுந்து கடிகாரம் போயிடுச்சு. இவர்தான் இழுத்துப் போட்டார். மாமாகிட்ட சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

"அப்புறம்?"

"மேஜை மேலதானே வெச்சிருந்தீங்கன்னு மாமா கேட்டார். தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான் சார் செஞ்சேன். அதுக்குள்ள எல்லாரும் இவரைப் பிடிச்சிட்டாங்க."

"பையைக் கொட்டறப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க?" என்றாள் மனைவி. குரல் உயரவே இல்லை.

அவள் காறித் துப்பியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எத்தனையோ பையன்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட தலைமையாசிரியர், "நீயாவது சொல்லியிருக்கலாமேப்பா" என்று மட்டும் படகுக்காரரிடம் முனகினார்.

"தண்ணியில விழுந்தவங்க யாருன்னு கரையில சொல்றதில்லைங்க. இந்தத் துறையில அது பழக்கம். ஒருத்தரைச் சொல்லிச் சிரிச்சா அப்புறம் யாரும் பயமில்லாம படகுல ஏற மாட்டாங்க."

"திருட்டுப் பட்டம் கட்டினப்பவுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவரே சொல்லிடுவார்னு நெனச்சேங்க. பக்கத்துலயேதான நின்னார்."

கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தார்கள். விடுதிக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ எங்கேயும் போக வேண்டாம்ப்பா" என்றாள்.

"சரிங்கம்மா. பதினோரு வருஷமா இந்தப் பையைக் கொட்டகையில திறந்தபடியே போட்டுட்டுப் போவேன். இனிமே ஒரு பூட்டு வாங்கணும்."

மருமகன் குனிந்து மண்ணில் கிடந்த சீப்பை எடுத்தார். சோப்புப் பெட்டியை எடுத்தார். போட்டோவைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மண் போனாலும் துடைப்பதை நிறுத்தவில்லை. மச்சானும் பக்கத்தில் மண்டியிட்டு ஈரச் சட்டையை அவசர அவசரமாக மடிக்கத் தொடங்கினார்.

"ஈரத்தோட மடிக்காதீங்க சார், நாறிப் போயிடும்" என்றார் படகுக்காரர்.

மச்சான் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கொடிக்குப் போய், சட்டையை உள்புறம் திருப்பி ஏழாம் நம்பர் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் காயப் போட்டார்.