லென்ஸ் காணாமல் போன மாலை

புரொஜெக்டரின் உறையை எடுத்த தம்பி, திறந்த வாயை மூடவில்லை.

"அக்கா! லென்ஸைக் காணோம்!"

மாலை ஐந்து மணி. ஏழு மணிக்குப் படம். ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வெளியே மைதானத்தில் அதற்குள் விரிப்பு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வேனிலிருந்து இறங்கி வந்தாள். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தியேட்டரே இல்லாத ஊர்களுக்குத் திரையும் ஸ்பீக்கரும் ஏற்றிப் போய், தம்பியோடு சேர்ந்து இலவசமாகப் படம் போடுகிறாள். போகிற ஊரிலெல்லாம் அவள் ஏட்டம்மாதான்.

"கையை எடு. எதையும் தொடாதே."

லென்ஸ் இருந்த ஓட்டையை வெள்ளைத் துணி ஒன்று மூடியிருந்தது. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. நாலு மூலையிலும் பிளாஸ்திரி. துணியில் ஒரு கறை இல்லை. ஓரங்கள் மட்டும் பல் பல்லாக இருந்தன.

"இது போச்சுன்னா எந்த ஊர்லயும் படம் கிடையாதுக்கா. இன்னொண்ணு கிடைக்கிறது குதிரைக் கொம்பு."

"கழட்டத் தெரிஞ்சவங்க யாரு?"

தம்பி தலையைச் சொறிந்தான். "எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு ஊர்லயும் நான்தானே கழட்டித் துடைச்சு வித்தை காட்டுறேன்."

கூடத்துக் காவலாளி பதறினார். "நான் வாசலை விட்டு நகரலீங்க. நீங்க சாப்பிடப் போனப்ப மூணு பேருதான் உள்ள போனாங்க. டம்ளர் எடுக்க டீக்கடைக்காரர், போஸ்டர் ஒட்ட நர்ஸம்மா, திரையில கிழிசல் தைக்க டெய்லர்."

பேண்டேஜ் துணி என்றதும் எல்லார் கண்ணும் நர்ஸம்மா மேல் போனது. அவள் கொதித்துப் போனாள்.

"என் கிளினிக் துணிதான். அதுக்காக நான் திருடியா? இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் கட்டுப் போட்டிருக்கேன்!"

"எதை வச்சு வெட்டுவீங்க?"

நர்ஸம்மா பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினாள். ஏட்டம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்து டீக்கடைக்காரர். "லென்ஸு வட்டமா சதுரமான்னுகூட எனக்குத் தெரியாதும்மா." அவர் தொட்ட டம்ளரில் எல்லாம் கரிக் கைரேகை.

டெய்லர் வெளியே சுவரோரம் உட்கார்ந்து திரையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, கண்ணில் கட்டோடு. ஒரு கண்ணில் பார்வை போய்ப் பல வருஷம். இன்னொன்றில் இப்போதுதான் ஆபரேஷன். காலையில் கட்டுப் பிரிக்கப் போகிறார்கள்.

"லென்ஸ் இல்லேன்னா இன்னைக்குப் படம் கிடையாதுதானே ஏட்டம்மா? நாளைக்கு இங்கதானே இருப்பீங்க?" என்று கேட்டார் டெய்லர்.

"நாளைக்குப் பக்கத்து ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்ணே."

ஊசி டெய்லரின் விரலில் குத்தியது.

ஏட்டம்மா அவரை மட்டும் கூடத்துக்குள் அழைத்தாள். தம்பியும் நர்ஸம்மாவும் பின்னாலேயே வந்தார்கள். கதவைச் சாத்தினாள்.

"எடுத்தது நீங்கதான்ணே."

"நானா?"

"திருடன் எடுத்தமா ஓடினமான்னு போவான். உள்ள தூசி போகுமேன்னு ஓட்டையை மூடிட்டா போவான்? திருப்பி வைக்கப் போறவங்கதான் மூடுவாங்க. எல்லாரும் துணியைப் பாத்தாங்க, ஓரத்தைப் பாக்கல. பல் பல்லா வெட்டியிருக்கு. நூல் பிரிஞ்சு மிஷினுக்குள்ள விழக்கூடாதுன்னு, துணியோடயே பழகின கை வெட்டினது. நர்ஸம்மாவோடது நேர் கத்தரி. பேண்டேஜ் துணியும் பல் கத்தரியும் சேர்ந்து இருக்கிற வீடு உங்க வீடு ஒண்ணுதான்."

டெய்லர் தைக்கக் கொண்டுவந்த பையிலிருந்து, மெத்தென்ற துணியில் சுற்றிய லென்ஸை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க வரும்போதெல்லாம் அவ காதுல நான்தான் படத்தைச் சொல்லுவேன். ஒரே ஒரு நாள் தள்ளிப் போனா அவளே பாத்துடுவாளேன்னு..."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே!" என்றான் தம்பி.

"எனக்காக அடுத்த ஊரைக் காக்க வைங்கன்னு எந்த வாயால கேக்குறது?"

"அதனால திருடிட்டீங்க," என்றாள் ஏட்டம்மா.

டெய்லர் நர்ஸம்மா பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "உங்க மேல பழி வரும்னு சத்தியமா தோணலம்மா."

"கும்பிடெல்லாம் இருக்கட்டும். என் கோட்டு எத்தனை நாளா உங்க கடையில தூங்குது? முதல்ல அதைத் தைச்சுக் குடுங்க."

படம் ஏழு மணிக்கே தொடங்கியது. டெய்லர் வழக்கம்போல மனைவியின் காதில் படத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். லென்ஸ் எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களிடம், "பத்திரமாத்தான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள் ஏட்டம்மா.

மறுநாள் வேனில் கூடுதலாக மூன்று பேர். கறுப்புக் கண்ணாடி போட்ட டெய்லர் மனைவி, டெய்லர், சொட்டு மருந்தோடு நர்ஸம்மா. தான் கூட வந்தால்தான் அனுப்புவேன் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பக்கத்து ஊரில் அதே படம். கடைசிக் காட்சியில் வசனம் கிடையாது. கதாநாயகன் படகேறிப் போகிறான். கதாநாயகி கரையில் நிற்கிறாள். படகு சின்னதாகி மறைகிறது. அவ்வளவுதான்.

டெய்லர் மனைவி மெல்லத் திரும்பினாள்.

"என்னங்க, இவன் தண்ணியில குதிச்சு நீந்தி வந்துட்டான்னு சொன்னீங்க?"

டெய்லர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை படத்துல செத்துப் போன அம்மா கண்ணு முழிச்சாளே, அதுவும் இப்படித்தானா?"

"அது... எனக்குச் சரியா ஞாபகமில்ல."

பின்வரிசையில் ஏட்டம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கணவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து பாத்த படம்தான் நல்லாருந்துச்சு," என்றாள்.