ஐந்து நாற்பதுக்கு வரும் முகவரி

ஐந்து நாற்பதுக்கு அந்த வரி மறுபடியும் வந்திருந்தது. 1701A8C0.

வனஜா பென்சிலை எடுத்தாள். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுவிடும் கணக்குதான், ஆனாலும் அவள் கையால்தான் போடுவாள். மகள் சௌம்யா போன பிறகு, மனம் அந்த ஒரே இடத்துக்கு ஓடாமல் பிடித்து நிறுத்த அவளுக்குக் கிடைத்த சின்ன வேலை இது. அம்பத்தூரில் இருந்த கம்பெனி, இரண்டு வருஷமாகவே வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லியிருந்தது. வீட்டு இணையத்தைக் கவனிக்கும் பழைய புரோகிராம் ஒன்றையும் நாலு மாதம் முன்பு போட்டுக் கொடுத்திருந்தது. பழகிய கருவிகளை அது விட்டுவிடும். தெரியாதவற்றின் முகவரியை மட்டும் பதினாறின் கணக்கில் எழுதிவைக்கும். அவள் அதை இரண்டிரண்டாகப் பிரித்துச் சாதாரண எண்ணாக்கி, வீட்டுக் கருவியா வெளி ஆளா என்று குறிக்க வேண்டும்.

A என்றால் பத்து, C என்றால் பன்னிரண்டு. முதல் எழுத்தைப் பதினாறால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டு. 17 என்பது இருபத்து மூன்று. 01, ஒன்று. A8, நூற்று அறுபத்தெட்டு. C0, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

23.1.168.192. வீட்டு முகவரிகள் 192.168 என்றுதான் தொடங்கும். எனவே வழக்கம்போல 'வெளி ஆள்' என்று எழுதினாள்.

வெளியே சேக்காடு முழுவதும் மழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரின் வாடையும், உலராத துணிகளின் வாடையும், அவற்றுக்கு அடியில் எங்கோ லேசாக ரப்பர் கருகியது போன்ற ஒரு வாடையும் கூடத்தில் நின்றன. கணவர் மணவாளன் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு முன் வரமாட்டார்.

போன் அடித்தது. ஆபீசிலிருந்து ஜமீர்.

"இன்னாக்கா, நாலு மாசமா ஒரே வெளி ஆளு, அதே டைமுக்கு வந்துகினு கீறான்? உங்க ஊட்ல அவனுக்கு இன்னா வேலை?"

"தெரியலப்பா. 23.1.168.192."

"அட, நேரா படிச்சிட்டீங்களா! அது கிறுக்கு மெஷின்க்கா, கடைசி நம்பரை மொதல்ல எழுதும். ஜோடி ஜோடியா பின்னாலருந்து படிங்க. வெளி ஆளு இல்ல, ஊட்டு ஆளுதான். மாமாவோட போனாத்தான் இருக்கும். சும்மா பயந்துகினு!" அவன் சிரித்தான்.

அவள் பின்னாலிருந்து எழுதினாள். C0. A8. 01. 17.

192.168.1.23.

வீட்டில் கருவிகளுக்கு நிலையான எண் வைத்தவர் மணவாளன்தான். அவர் போனுக்கு இருபத்தொன்று. வனஜாவின் போனுக்கு இருபத்திரண்டு. இருபத்து மூன்று சௌம்யாவுக்கு.

"அக்கா? லைன்ல கீறீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

சௌம்யாவின் போன் பீரோவில் மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். கண்ணாடி உடைந்து, பேட்டரி உப்பி, ஓரம் கருகி, போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது இருந்த மாதிரியே இருந்தது. உயிர் இல்லை.

அன்றும் இப்படித்தான் மழை. டியூஷன் முடிந்து ஐந்து நாற்பதுக்கு வந்தவள் சாவியை மறந்திருந்தாள். அழைப்பு மணி இரண்டு வாரமாகக் கெட்டுக் கிடந்தது. வனஜா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். "பொண்ணு ரொம்ப நேரம் தட்டிகினே இருந்துச்சேம்மா," என்று பிறகு எதிர்வீட்டுத் தாயம்மாள் சொன்னாள். கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் பிளாஸ்டிக் உறையால்தான் சௌம்யா தட்டுவாள். டக் டக். கொஞ்சம் விட்டு, டக். தட்டித் தட்டிச் சலித்து, தாயம்மாள் வீட்டுக்குப் போகலாம் என்று தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். தண்ணீரில் மின்கம்பி அறுந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடலை உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலோடு எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வனஜாதான் விடவில்லை. "உள்ள வரத்தானே தட்டினா. வரட்டும்." கூடத்தில் கிடத்தினார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போனபோது, பார்க்க முடியாமல், கடைசி ஆள் படியிறங்கும் முன்பே கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டாள்.

மெதுவாக நாற்காலிக்குத் திரும்பினாள். அந்த வரியில் இன்னொரு முகவரியும் இருந்தது. 'எங்கே போக' என்ற பத்தியில். அதைச் சாதாரண எண்ணாக மாற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளும் மாற்றியதில்லை. 0101A8C0.

பின்னாலிருந்து. 192.168.1.1.

"ஒண்ணு வாசல்," என்று இணையப் பெட்டியைக் காட்டி மணவாளன் ஒருமுறை மகளுக்குச் சொல்லியிருந்தார். "இங்கேருந்து எது வெளிய போனாலும் அதைத் தாண்டித்தான் போகணும்."

எதிரே, பதில் என்ற பத்தியில்: இல்லை. நேற்று, இல்லை. முந்தாநாள், இல்லை. நாலு மாதமாக.

அப்படியானால் சௌம்யா உள்ளே வரக் கேட்கவில்லை.

டக் டக்.

கொஞ்சம் விட்டு, டக்.

கதவில்தான். உள்ளே, தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்தில்.

வனஜா நடைக்குப் போனாள். கருகிய வாடை அங்கே அதிகமாக இருந்தது. மழைக்காலத்தில் கதவு உப்பித் தாழ்ப்பாள் இறுகிவிடும். சௌம்யாவால் ஒருநாளும் தனியாக அதை இழுக்க முடிந்ததில்லை. 'அம்மா, வந்து எடுத்துவிடேன்' என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். தாழ்ப்பாள் இப்போது மயிரிழை நகர்ந்தது. நின்றது. மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கதவு தினமும் பால்காரனுக்குத் திறந்தது. மணவாளனுக்குத் திறந்தது. சௌம்யாவுக்கென்று ஒருநாளும் திறக்கவில்லை.

கையை வைத்தாள். இரும்பு சில்லிட்டிருந்தது. ஒரு இழுப்பு போதும். குழந்தை போய்விடும். இந்த முறை நிஜமாகவே.

தாழ்ப்பாளை உள்ளே அழுத்தினாள். இன்னும். முழுவதும்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். 'வெளி ஆள்' என்பதை அடித்துவிட்டு 'வீட்டு ஆள்' என்று எழுதினாள். பின்னால், டக் டக். திரையில் புதிய வரி. டக். இன்னொரு வரி. இல்லை. இல்லை. இல்லை.

ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

தட்டும் சத்தம் நின்றது.

நடையில் ஈரக் கால்கள். கூடத்தில். நாற்காலிக்குப் பின்னால்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

காதை மூடியிருந்த உறையின் மேல், பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக்.

டக் டக்.

கொஞ்சம் விட்டு,