காற்றாடி நின்ற அரைமணி நேரம்

அறையில் மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

குணவதி முதலில் அதைத் தன் முகமூடிக்குள்ளேயே சுற்றிவரும் சொந்த மூச்சு என்றுதான் நினைத்தாள். கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, தலைக்கு மேல் ஓடும் காற்றாடியையும் நிறுத்திவிட்டால், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன அறை அப்படியே அடங்கிப்போகும். கீழே பாசார் சந்தையில் கோழி வெட்டுகிறவனின் கத்திச் சத்தமும் முனையில் பஸ் திரும்பும் உறுமலும் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். கணவர் தங்கராஜுவின் வயிற்றிலிருந்து குழாய் வழியாகத் தரையில் கிடக்கும் பைக்குள் தண்ணீர் வடிகிற மெல்லிய சத்தமும், அவர் மூச்சும், அவள் மூச்சும் மட்டும்தான் மிச்சமிருக்கும். பதினெட்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போன சத்தங்கள் அவை. இன்று கூடுதலாக ஒன்று இருந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கிலிருந்து வந்தது.

தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கணவரின் மூச்சு கேட்டது. இன்னொன்றும் கேட்டது.

யாரது என்று கேட்டாள். உடனே அது நின்றது, மாட்டிக்கொண்டவர் கையால் வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி.

கட்டிலில் சாய்ந்திருந்த தங்கராஜு முகமூடிக்குள் சிரித்தார். அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். நண்பகல் பன்னிரண்டு மணி வெயில் திரைச்சீலையில் அடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் பயப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தங்கராஜுவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஆஸ்பத்திரி இயந்திரத்தை அவர் இருதயம் தாங்காது என்பதால் வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்து, புதுத் தண்ணீர் விடக் குணவதிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம். அந்த அரைமணியில் குழாய்வழியே ஒரு கிருமி போனாலும் வயிறு அழுகிவிடும். மார்ச் மாதம் அப்படித்தான் ஆனது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்து வந்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதனால் அந்த அரைமணி நேரத்தில் காற்று அசையக்கூடாது. கதவு திறக்கக்கூடாது. முகமூடி இல்லாமல் ஒருவர் மூச்சும் அந்த அறையில் படக்கூடாது.

‘தண்ணீர் மாற்றும் நேரம். கதவைத் திறக்காதீர்கள்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். அந்தத் தாளுக்கு நல்ல சக்திதான். முதலில் மாதாகோயில் ஜெபக்கூட்டத்தாரை விரட்டியது. பிறகு பக்கத்து வீட்டாரை விரட்டியது. கடைசியில் போன் பண்ணுகிறவர்கள்கூட, தொந்தரவாக இருக்குமோ என்று பண்ணுவதை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாரும் ரொம்ப நல்லவர்கள். ஒருவரும் வரவில்லை.

பெர்த்தில் வேலை பார்க்கும் ஒரே மகள் ஹன்னாவுக்கு டிசம்பர் இருபத்துநாலாம் தேதிதான் லீவு கிடைத்தது. தங்கராஜு அந்தத் தேதியைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"ஹன்னா வர்ற வரைக்கும் என்னை ஓட்டிடு குணா. அது போதும் லா," என்பார்.

ஓட்டத்தான் செய்தாள். ஆனால் அந்த மூச்சுச் சத்தம் கேட்பதற்குச் சில நாள் முன்பு, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு அன்று, பூசைக்குப் போக முடியாமல் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊதா மெழுகுவத்தியை யாரோ ஏற்ற, இத்தனை நாள் அடக்கியிருந்தது அவளுக்கு வாய்விட்டு வந்துவிட்டது. யாராச்சும் ஒருத்தர் வந்து இதைப் பார்த்துக்கொண்டால் போதும், யாராக இருந்தாலும் பரவாயில்லை, என்றாள். ஆண்டவரிடம் சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள்.

மூச்சுச் சத்தம் கேட்டதற்கு மூன்றாம் நாள் காலை அவள் எழுந்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. மணி ஏழேகால். அவர் அறைக்கு ஓடினாள். ஆறு மணித் தண்ணீர் மாற்றப்பட்டிருந்தது. வடித்த பை தாம்பாளத்தில் கிடந்தது. தினமும் செய்வதுபோல் அதன் அடியில் செய்தித்தாளை வைத்துப் பார்த்தாள். எழுத்து பளிச்சென்று தெரிந்தது, தண்ணீர் கலங்கவில்லை. நோட்டில் பையின் எடை எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. ‘6’ இன் வாலைச் சுழிப்பதுகூட அவளேதான்.

தங்கராஜுவைக் கேட்டதற்கு, நீதானே செய்தாய், பாட்டுக்கூடப் பாடினாயே என்றார். சர்க்கரை அவர் கண்ணையும் தின்றிருந்தது. உருவம் தெரியும், முகம் தெரியாது.

தூக்கத்தில் எழுந்து செய்திருப்போம் என்று குணவதி முடிவுகட்டினாள். கை பழகிய வேலைதானே. அப்படி நம்புவது சௌகரியமாக இருந்தது. உடம்பில் ஏழு மணி நேரத் தூக்கம் இருந்தது, அதன் ருசியே தனி. மறுநாள் அவள் அலாரம் வைக்கவில்லை. வைக்க மறக்கவில்லை, வைக்கவில்லை. ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தாள். வேலை முடிந்திருந்தது. குழாய்க்குப் போடும் புது மூடிகள்கூட அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அலமாரி இடுக்கைப் பார்த்து, மெல்ல, நன்றி என்று சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தூங்கினாள். அச்சு முறுக்கு சுட்டாள். நட்சத்திர விளக்கைப் பால்கனியில் மாட்டினாள். தங்கராஜு தேறிக்கொண்டு வந்தார். காலில் வீக்கம் வடிந்தது, சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதினெட்டாம் தேதி, மாதாமாதம் மருந்துத் தண்ணீர்ப் பெட்டிகள் கொண்டுவரும் மலாய்க்காரப் பையன் ஹைக்கலை மின்தூக்கி வாசலில் பார்த்தாள். பாசாரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். ரசீதுத் தாளைக் கொடு, கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். ஹைக்கல் அவளை விநோதமாகப் பார்த்தான். இப்போதுதானே மேலே கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டீர்கள், முகமூடி போட்டிருந்தீர்கள், பெட்டியை அலமாரிப் பக்கம் வைக்கச் சொன்னீர்கள், அதற்குள் எந்த வழியாகக் கீழே வந்தீர்கள் என்று மலாயில் கேட்டான். தாளைக் காட்டினான். மை இன்னும் காயவில்லை.

குணவதி சிரித்து மழுப்பினாள். மின்தூக்கிக்குள் போனதும் எட்டாம் எண்ணை இரண்டு தடவை அழுத்தினாள்.

வீட்டில் யாரும் இல்லை. தங்கராஜு தூங்கிக்கொண்டிருந்தார். புதுப்பெட்டிகள் அலமாரிப் பக்கம் அடுக்கியிருந்தன. இடுக்கு மட்டும் மறையாமல் விட்டிருந்தது. அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. நாலு வேளையும் தானே செய்தாள். காற்றாடி நின்றதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது மூச்சு கேட்கவில்லை. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை.

இருபத்திரண்டாம் தேதி மாலை குழாயை மாட்டும்போது தங்கராஜு வயிற்றை எக்கினார்.

"என்னாங்க?"

"உன் கை ஏன் இப்படி ஐஸ் மாதிரி இருக்கு? போன வாரம் எல்லாம் நல்லா கதகதன்னு இருந்துச்சே."

கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடா குளிரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று வடித்த தண்ணீருக்கு அடியில் செய்தித்தாளை வைத்தபோது எழுத்து லேசாக மங்கலாகத் தெரிந்தது. விளக்குக் குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரவு அவருக்கு உடம்பு சுட்டது. குணவதி கட்டிலடியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அலமாரி இடுக்கின் பக்கம் திரும்பி, அவர் நல்லாயிருந்தால் போதும், நீயே செய், என்றாள்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. காய்ச்சல் இல்லை. நோட்டில் ‘6’ இன் வால் சுழித்திருந்தது.

இருபத்துநாலாம் தேதி. ஹன்னாவின் விமானம் நாலரைக்கு இறங்கிவிட்டது. ஹன்னாவுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சோற்றுக்கு இலை வாங்க, ஐந்தரைக்குக் குணவதி கீழே போனாள். இலை விற்கும் நல்லம்மாளிடம் இரண்டு தடவை கேட்டாள். நல்லம்மாள் குணவதிக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இலை சுற்றிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை குணவதி கேட்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

வீட்டில் காற்றாடிச் சத்தம் இல்லை.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மணி ஆறு ஐந்து. கதவுக்குப் பின்னால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. தங்கராஜு ஏதோ சொல்லிச் சிரித்தார். ஒரு பெண் குரலும் சிரித்தது. முகமூடிக்குள் அமுங்கிய குரல். குணவதியின் குரல்.

கைப்பிடியைப் பிடித்தாள். அழுத்தினால் திறந்துவிடும், உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, அவளேதான் கழற்றியிருந்தாள். ஆனால் இப்போது குழாய் திறந்திருக்கும். கதவைத் தள்ளினால் காற்று போகும். அவளிடம் முகமூடி இல்லை. கை கழுவவில்லை. பாசாரின் அழுக்கு மேலெல்லாம். இன்னொரு தடவை தாங்கமாட்டார்.

முகத்துக்கு நேரே அவள் ஒட்டிய தாள் இருந்தது.

கையை எடுத்தாள். வேறு என்ன செய்வாள்.

வாசல் கதவு திறந்தது. ஹன்னா, பெட்டியை இழுத்துக்கொண்டு, முடியெல்லாம் வியர்வையில் ஒட்டி, மெலிந்து போய். குணவதி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள். ஹன்னா அவளைத் தாண்டி நடந்தாள். தாண்டும்போது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள், குளிர்ந்த மாதிரி.

"அம்மா?"

அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஹன்னா, கதவைத் திறந்துடாதே மா. இன்னும் பத்தே நிமிஷம்."

ஹன்னா சிரித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் குணவதி நின்றாள். மகளின் பெயரைச் சொன்னாள். காதருகே சொன்னாள். கத்தினாள். ஹன்னா கைப்பேசியில் நேரம் பார்த்தாள்.

பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. வெளியே வந்தவள் முகமூடியைக் கழற்றினாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். வியாதி வீட்டுக்குள் வருவதற்கு முன்பு கண்ணாடியில் குணவதி பார்த்த முகம். ஹன்னா அதன் தோளில் விழுந்து அழுதாள். எவ்வளவு சிரமப்பட்டிருப்பீர்கள், நீங்கள் ஒருத்தியாகவே, என்று அழுதாள். அது ஹன்னாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. தோளுக்கு மேலாக, குணவதி நின்ற இடத்தை ஒருமுறை பார்த்தது.

கிறிஸ்துமஸ் அன்று பகல் பன்னிரண்டு மணி. பூசை முடிந்து வந்த புதுச்சேலையோடு அது கை கழுவியது. ஹன்னாவும் கற்றுக்கொள்வதற்காகக் கழுவினாள். தங்கராஜு புதுச்சட்டையில் சாய்ந்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. மகளைப் பார்த்துவிட்டார். கதவு சாத்துவதற்குள் குணவதி உள்ளே நுழைந்துவிட்டாள். இன்றைக்கு ஒருநாளாவது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. நிற்க இடம் அலமாரி இடுக்கில்தான் இருந்தது.

காற்றாடி நின்றது.

தண்ணீர் வடிந்தது. அவர் மூச்சு. அந்த இருவர் மூச்சு.

ஹன்னா தலையைத் தூக்கினாள். "மா... இங்க வேற யாரோ மூச்சு விடுற மாதிரி இல்ல?"

தங்கராஜுவின் மங்கிய கண்கள் இடுக்கின் பக்கம் திரும்பின. குழாயைப் பிடித்திருந்த கை அசையவில்லை. அது திரும்பியும் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல மா. கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கிடும்."

அப்போதுதான் குணவதிக்கு உறைத்தது. குழாய் திறந்திருக்கிறது. தன் முகத்தில் முகமூடி இல்லை.

இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்தினாள். அடக்கினாள். அரைமணி நேரம் எப்படி அடக்குவது என்று பயந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

முப்பது நிமிடம் ஆயிற்று. அவளுக்கு மூச்சு முட்டவே இல்லை.