இடப்பக்க யோக் எங்கே?

காலை மணி 7.10. விமானம் இருந்தது; அதை ஓட்டும் பிடியைக் காணோம்.

ஐம்பது வயதைத் தாண்டிய நான்கு இருக்கை விமானம் அது. எட்டு மாதம் ஷெட்டில் கிடந்துவிட்டு இன்று பதினொரு மணிக்குத்தான் மறுபடி பறக்க வேண்டும். டாக்டரம்மாவின் தம்பி ஓட்டுவான், அவர் பக்கத்தில் உட்காருவார் என்று ஏற்பாடு. ஆவல் தாங்காமல் நான்கு மணி நேரம் முன்னதாகவே வந்து விமானக் கதவைத் திறந்த டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலப்பக்க யோக் பளபளவென்று இருந்தது. இடப்பக்கம் வெறும் தண்டு.

யோக் என்றால் வேறொன்றுமில்லை, கார் ஸ்டியரிங்கின் மேல்பாதியை வெட்டி எடுத்தது போன்ற கைப்பிடி. திருப்பினால் இறக்கை சாயும், இழுத்தால் மூக்கு நிமிரும். இந்த ஜோடியைப் புதுப்பிக்க மட்டும் ஆறு வாரம் ஆகியிருந்தது. பழைய பெயின்டைச் சுரண்டி, அலுமினியத்தைத் தேய்த்து, கறுப்படித்து, பிடிகளின் மேல் தோல் சுற்றித் தைத்திருந்தார்கள். தோல் வேலை அவ்வளவு நேர்த்தி. தையல் எங்கே முடிகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

7.35. போன் போனதும் போலீஸ் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். குட்டை உருவம். நீளமான கேள்விகளில் நம்பிக்கை இல்லாதவர்.

"ஷெட் பூட்டு?"

"உடையல மேடம்," என்றார் டாக்டரம்மா.

"சாவி?"

"மூணு. என் தம்பிகிட்ட ஒண்ணு, மெக்கானிக்கிட்ட ஒண்ணு, தோல் தைச்சவர்கிட்ட ஒண்ணு."

மூவரும் அதற்குள் அங்கே கூடியிருந்தார்கள். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இதுல விசாரிக்க என்ன இருக்கு? தையல்காரர்தான். மூணு வாரம் முன்னாடி யோக்கை மாட்டும்போது மெக்கானிக் ஸ்பானரால தோல்ல கீறிட்டார். அன்னிக்கு இவர் ஆடின ஆட்டம் இருக்கே! 'இனி யாராவது என் தையல்ல கை வச்சா கழட்டிக்கிட்டுப் போயிடுவேன்'னு எல்லார் முன்னாடியும் கத்தினார்."

தையல்காரர் தலைகுனிந்து நின்றார். மெக்கானிக்கின் தங்கையைக் கட்டியவர் அவர். அந்தக் கீறலுக்குப் பிறகு மச்சானும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தத் தங்கைதான் நடுவில் தூது போய்க் கால் தேய்ந்துகொண்டிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம். வாய் இருக்கே, சும்மா கிடக்காது. ஆனா எடுக்கல."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. அடுத்தவர் வீட்டிலும் காரிலும் சாவி வாங்கி வேலை செய்யும் மனிதர். ஒருமுறை திருடன் என்று ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் அப்புறம் யார் சாவி கொடுப்பார்கள்?

"மாப்பிள்ளை எடுத்திருக்க மாட்டான்!" என்று வெடித்தார் மெக்கானிக்.

"எப்படித் தெரியும்?"

"தெரியும் மேடம். அவ்வளவுதான்."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஆறரை இருக்கும். ஷெட்டைக் கூட்டிட்டு இருந்தேன். விமானத்துக்குள்ள பார்க்கல."

"நேத்து கடைசியா உள்ள உட்கார்ந்தது?"

"நான்தான்," என்றான் தம்பி. "சாயங்காலம் யோக்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பார்த்தேன். லேசா ஒரு 'டிக்' சத்தம். புதுத் தோல், புதுச் செருப்பு மாதிரி கொஞ்ச நாள் கத்தும்னு மெக்கானிக் சொன்னார்."

7.50. இன்ஸ்பெக்டரம்மா விமானத்துக்குள் ஏறினார். இருக்கையில் பழைய துணி ஒன்று விரித்திருந்தது. தண்டின் துளையில் போல்ட் சொருகியிருந்தது. நட்டை விரலாலேயே திருக முடிந்தது. மைக் பொத்தானுக்குப் போகும் ஒயரின் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

இறங்கி, கிரீஸ் பட்ட விரலைக் கழுவப் போனார். தொட்டிக்கு மேலே பலகையில் பெயின்ட் டப்பா, கிரீஸ் டப்பா, விரிசல் பார்க்கும் ஸ்ப்ரே, கந்தல் துணி. சோப்பை எடுத்தவர் அப்படியே நின்றார். வெள்ளைச் சோப்பின் ஓரமெல்லாம் சிவப்பு.

"டாக்டரம்மா, இது ரத்தமா?"

டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இல்ல. ரத்தம் காய்ஞ்சா பழுப்பாயிடும். இது சாயம்."

"விமானத்துல எங்கேயாவது சிவப்பு உண்டா?"

"வெள்ளையும் நீலமும்தான் மேடம். யோக் கறுப்பு."

8.10. நால்வரும் விமானத்தின் மூக்கருகே நின்றார்கள்.

"எல்லாரும் காணாமப் போனதையே பார்த்தீங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மிச்சம் இருந்ததை யாரும் பார்க்கல. திருடன் போல்ட்டை அதே துளையில சொருகி நட்டையும் மாட்டிட்டுப் போவானா? ஒயர் உரசக் கூடாதுன்னு டேப் சுத்துவானா? சீட் அழுக்காகும்னு துணி விரிப்பானா? கழட்டினவர் திரும்ப மாட்டப் போறவர். கழட்டின போல்ட்டை அதோட துளையிலேயே மாட்டி வைக்கிறது தையல்காரர் பழக்கம் இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா தொட்டிப் பக்கம் விரலை நீட்டினார்.

"சோப்புல ஒட்டியிருக்கிற சிவப்பு, பலகையில இருக்கிற ஸ்ப்ரே. டப்பாவுல எழுதியிருக்கு. பெயின்டைச் சுரண்டிட்டு அடிச்சுத் துடைச்சா, விரிசல் இருக்கிற இடத்துல மட்டும் சிவப்பு தங்கும். அந்த 'டிக்' சத்தத்தைத் தம்பி மறந்துட்டார். புதுத் தோல்னு சமாதானம் சொன்னவருக்குத்தான் தூக்கம் போச்சு. மெக்கானிக், உங்க டூல் பெட்டியோட அடித்தட்டைத் திறங்க."

திறந்தார். யோக் இருந்தது. நடுப்பகுதியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் மயிரிழைச் சிவப்புக் கோடு ஒன்று ஓடி, தோலுக்கு அடியில் மறைந்தது.

"அஞ்சரைக்கே வந்தேன் மேடம். ஒண்ணுமில்லேன்னா சத்தமில்லாம மாட்டிடலாம்னு பார்த்தேன். ஆனா இருக்கு. எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான். எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருக்கும்போதே டாக்டரம்மா வந்துட்டாங்க."

"இவர் மேல பழி விழும்போதுமா?"

மெக்கானிக் அழுதுவிட்டார். "தப்புதான். விரிசல் எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்க தோலை வெட்டணும் மாப்பிள்ளை. உன்னைக் கேட்காம வெட்ட மனசு வரல. கேட்கலாம்னா, நீ பேச மாட்டேன்னியே."

"பேச மாட்டேன்னுதான் மச்சான் சொன்னேன். வெட்ட மாட்டேன்னு சொல்லலையே."

தையல்காரர் கத்தியை எடுத்தார். ஒன்பது நாள் தைத்ததை இரண்டே நிமிடத்தில் பிரித்துப் போட்டார். கோடு ஒரு விரல் நீளம் இருந்தது. மெக்கானிக் நடுப்பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தம்பி பிடியைப் பற்றி, விமானத்தை மேலே தூக்குவது போல ஓர் இழுப்பு இழுத்தான். பாதி யோக் அவன் கையோடு வந்துவிட்டது.

தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தையல்காரரிடம் போய், "மன்னிச்சிடுங்கண்ணே," என்றான்.

"புகார் என்ன பண்ணலாம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

டாக்டரம்மா வேண்டாமென்று தலையசைத்தார். அம்மா போன பிறகு அவர் தூக்கி வளர்த்த தம்பி எதிரே முழுசாக நின்றுகொண்டிருந்தான். மெக்கானிக்கின் சிவப்புச் சாயம் போகாத கையையும் தையல்காரரின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா, பிழைச்ச நோயாளிங்களோட ஜனங்க என் கையை இப்படிப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. அதெல்லாம் எதுக்கும்மான்னு சொல்லி அனுப்பிடுவேன்," என்றார். "எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது."