ஏரிக்குக் கேட்ட பெயர்

பூட்டிய கதவின் முன் ஈரக் கால்தடங்கள் இருந்தன. ஏரிப் பக்கமிருந்து வந்தவை. திரும்பிப் போனது ஒன்றுகூட இல்லை.

"காவக்காரர் தண்ணி கொண்டாந்து வெச்சிருப்பாரு," என்றான் இளையபெருமாள்.

அப்போதுதான் சாவியோடு வந்துசேர்ந்த காவல்காரர் அரியமுத்துவின் கால்களை மலர்கொடி பார்த்தாள். டயர் செருப்பு. காய்ந்த புழுதி.

அரும்பாவூரில் பஸ்ஸை விட்டிறங்கி, பச்சைமலை அடிவாரம்வரை மாட்டுவண்டியில் வந்திருந்தார்கள். மரம் வெட்டுகிறவர்கள் தங்குவதற்காக எப்போதோ கட்டிய பலகைக் குடில். பள்ளிக்கூட வாத்தியாரான அவள் புருஷன் இளையபெருமாளுக்குத் தூண்டில் பைத்தியம். ஒரு வருஷமாக விசாரித்து இதைக் கண்டுபிடித்திருந்தான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் மாமியார், நாத்தனார் இல்லாத முதல் இரண்டு நாள்.

"இங்க யாரு கேக்கப்போறா? ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லு பாப்போம்."

"சீ, போங்க. உங்க ஆயுசு கொறையும்."

பெருமாள் கோயிலைக்கூட 'நாமக்காரர் கோயில்' என்றே சொல்லிப் பழகியவள் அவள். அவன் சிரித்துக்கொண்டே மண்புழு டப்பாவோடு போனான். சற்று நேரத்தில் அக்கரையிலிருந்து கூவினான்.

"மலரு! கெளுத்தி மாட்டிக்கிச்சு!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. மலை ஓய்ந்தபிறகு, தண்ணீர்ப் பக்கமிருந்து 'மலரு' என்று மட்டும் மெதுவாக இன்னொரு தடவை வந்தது.

விறகு அடுக்கிக்கொண்டிருந்த அரியமுத்து நிமிர்ந்தார்.

"பேரக் கூவிட்டாரே... தங்கச்சி, வெளக்கு வெச்ச பெறவு யாரு தட்டுனாலும் தொறக்காத. உள்ளேருந்தே வாத்தியாரப் பேரு சொல்லிக் கூப்புடு. அவருன்னா பதில் சொல்லுவாரு. அதுன்னா போயிரும். அதுக்குப் பேரு கெடையாது."

"எதுங்கண்ணே?"

"உள்ள மட்டும் விட்றாத. உள்ள வந்துட்டா ஒரு பேருக்காவத்தான் காத்துக் கெடக்கும்."

"அவுக பேர நான் சொல்றதில்லீங்களே," என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஒரு நாளு சொல்லு," என்று சொல்லிவிட்டு, இருட்டுமுன் ஊர் சேர வேகமாக நடந்தார்.

தூறல் பிடித்தது. நனைந்த மூங்கில் வாசமும், அடுப்பில் பச்சை விறகு கக்கிய புகையும், பலகை இடுக்குகள் வழியே ஏறிவந்த சேற்று வாடையும் ஒன்றாகக் கலந்து நிற்க, அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, தவளைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று தவளைகள் நின்றன.

கதவு தட்டப்பட்டது.

"மலரு. தொற."

அவன் குரல்தான். அவள் கதவருகே போனாள். வாயைத் திறந்தாள். 'இ' என்று நாக்கு எழும்பியது, பிறகு படுத்துக்கொண்டது. ஆயுசு. அவன் ஆயுசு.

"ஏங்க... நீங்கதானே?"

"நாந்தான். நனையுறேன், மலரு."

தாழ்ப்பாளை எடுத்தாள்.

தலையில் துண்டைப் போர்த்துக்கொண்டு உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தித் தாழிட்டான். அதில் முதுகைச் சாய்க்காமல், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"தூண்டில் எங்கீங்க?"

அவன் வேட்டியிலிருந்து தண்ணீர் வடிந்தது. வடிந்துகொண்டே இருந்தது. அடுப்புவரை வந்தது. அடுப்பு அணைந்தது. சேற்று வாடை.

வெளியே செருப்புச் சத்தம். யாரோ பாட்டு முனகிக்கொண்டு வந்தார்கள்.

"ஏ புள்ள, ரெண்டு வெரா! உசுரோட! கதவத் தொற."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வேறு வழி இல்லை. ஜன்னல் இல்லை. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அந்த முதுகு. அசையாத முதுகு.

"மலரு? தூங்கிட்டியா? என்னடி, சத்தத்தையே காணோம்?"

வெளியே நின்றவன் கதவைத் தள்ளினான். தாழ்ப்பாள் ஆடியது. முதுகு மெல்ல எழுந்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனது.

அவன் உள்ளே வரக்கூடாது. வரவே கூடாது. ஓடச் சொல்ல வேண்டும். தன்னைத்தான் ஓடச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஒன்பது வருஷம் அடைத்துக் கிடந்தது உடைந்தது.

"இளையபெருமாளு! ஓடிடுங்க!"

வெளியே ஏதோ பொத்தென்று விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. செருப்புச் சத்தம் இல்லை. மூச்சு இல்லை. நார் கோத்த இரண்டு விரால்கள் மட்டும் வாசற்படியில் படபடவென்று அடித்துக்கொண்டன.

தாழ்ப்பாளிலிருந்து கை இறங்கியது. ஈரத் துண்டு நழுவியது. அது திரும்பியது. விளக்கு வெளிச்சத்தில், தாடையில் மச்சம் இருக்கும் இடத்தில் மச்சம் மெல்ல ஊறி வந்தது.

"என்ன புள்ள," என்று சிரித்தது, அவன் சிரிப்பில். "இன்னொரு தடவ சொல்லு பாப்போம்."