வடிகட்டாத வரிசை

ஏப்ரல் பதினைந்து வந்துவிட்டால் எங்கள் ஊரில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களை அடைத்துவிடுவார்கள். வெளியே பனி கொட்டினாலும் சரி, காலண்டரில் வசந்தம் என்றால் வசந்தம்தான். அதனால்தான் அன்று மாலை ரவுஷான், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தான் வளர்க்கும் டாஃப்னியாக்களைக் குளிர் தாக்காதபடி ஒரு ஜாடியில் அள்ளி, கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கடுகளவு நீர்ப்பூச்சிகள். முப்பத்தொரு வயதுப் பெண் அணைத்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்றால்... எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பஸ் குலுங்கியது. உயரமான ஒருவன் அவள்மேல் சாய்ந்தான். ஜாடி சரிந்து பாதித் தண்ணீர் அவன் கோட்டில்...

"மன்னிச்சுக்கோ தங்கச்சி..."

"என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? உங்க கோட்டுக் கையில நூறு உயிர் துடிக்குது, அதுங்ககிட்ட கேளுங்க!"

"நூறா? எண்ணியா வச்சிருக்கீங்க?"

"எண்ணுறதுதான் என் வேலை."

அவன் சிரிக்கவில்லை. நனைந்த கோட்டின் கையை அப்படியே ஜாடிக்குள் பிழிந்துவிட்டான்.

"எத்தனை திரும்பி வந்துச்சுன்னு எண்ணிச் சொல்லுங்க..."

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். பனி உடையும் நேரத்து எங்கள் ஊர் இர்திஷ் ஆறுபோலச் சாம்பல் நிறம்... மேலே அமைதி, அடியில் ஏதோ ஓடுகிறது. ஜன்னலில் பனியும் மழையும் கலந்து வழிந்தன. ரவுஷானுக்குக் காது சூடானது. குழாய் அடைத்த நாளில் காது சூடானால் அதற்கு ஒரே காரணம்தான்.

மறுநாள் காலை, பரிசோதனைக் கூடத்தின் வாசலில் அதே கோட்டு. கையில் ஒரு பொட்டலம்.

"தங்கச்சின்னு கூப்பிட்டதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றான் முதல் வார்த்தையாக.

பெயர் பெய்பித். ஆற்றங்கரை அலுமினியத் தொழிற்சாலையில் வேதியியலாளன். பொட்டலத்தில் வெள்ளைத் தூள், அலுமினியம் ஹைட்ராக்சைடு. தண்ணீரில் போட்டால் கரையமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சாமான். அதைக் கழுவும் நீரை ஆற்றில் விட அனுமதி வேண்டும். நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கில்லை என்று ரவுஷான் எழுதித் தரவேண்டும்.

விதி சுலபம். தூளை இரண்டு நாள் தண்ணீரில் சுழற்றி, வடிகட்டி, தெளிந்த நீரில் இருபது டாஃப்னியாக்களை விடவேண்டும். பக்கத்தில் வெறும் தண்ணீரில் இன்னொரு இருபது. இரண்டு நாள் கழித்து, நீந்தாதவற்றை எண்ணவேண்டும்.

முதல் தடவை வெறும் தண்ணீரில் இருந்தவையே குளிரில் செத்தன. சோதனை செல்லாது. மறுநாள் பெய்பித் ஒரு மின்சார ஹீட்டரோடு வந்தான்.

"பூச்சிக்குத்தான்..." என்றான்.

"பூச்சிக்கு எதுக்கு ரெண்டு பேருக்கான பவுர்சாக்?" சூடாகப் பொரித்த மாவுருண்டைப் பையைப் பார்த்து அவள் கேட்டாள்.

"அதுங்களுக்குத் துணை இல்லாம சாப்பாடு இறங்காதாம்."

இரண்டாம் தடவை ஏதோ கோளாறு. மூன்றாம் தடவையும் ஏதோ. தப்பே வராத கைக்கு அந்த மே மாதம் மட்டும் எப்படித் தப்பு வந்தது என்று நான் கேட்கமாட்டேன். ரவுஷானின் அண்ணி கேட்டாள்.

"பூச்சியையா வளக்குற, இல்ல அந்தப் பையனையா?"

"சும்மா இருங்க அண்ணி..."

சும்மா இருப்பார்களா? அடுத்த ஞாயிறு பெய்பித்தின் அம்மா மக்பால் வந்து ரவுஷான் காதில் கம்மல் போடுவதாக முடிவாயிற்று. எங்களில் மாமியார் கையால் கம்மல் ஏறிவிட்டால் பெண் அந்த வீட்டுக்காரி. பேச்சு முடிந்தது.

அந்த வாரம் சோதனை கச்சிதமாக நடந்தது. வடிகட்டிய நீரில் இருபதும் துள்ளின. ஆனால் ரவுஷான் யாரும் கேட்காமலே இன்னொரு வரிசை வைத்திருந்தாள். வடிகட்டாத வரிசை. அங்கே வெள்ளைத் தூள் பூச்சிகளின் முதுகில் படிந்து, கால்களில் ஒட்டி, அடியில் அமுக்கியிருந்தது. இருபதில் பதினேழு அசையவில்லை.

பெய்பித் வெகுநேரம் குனிந்து பார்த்தான்.

"இது விஷம் இல்ல ரவுஷான். சுமை. விதியில வடிகட்டுன்னுதானே இருக்கு?"

"ஆத்துல யார் வடிகட்டுவாங்க?"

"எழுதாத. கேட்ட வரிசையை மட்டும் எழுது."

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே..."

"அது காலியா இருந்தா யாரும் அழமாட்டாங்க." குரல் தழைந்தது. "கழுவுற பிரிவுக்கு எங்கப்பாதான் தலைவர். தீங்கில்லைன்னு போன வருஷமே கையெழுத்துப் போட்டுட்டாரு. உனக்கு அவர் மாமனார் ஆகப்போறவர்..."

அவள் பேனாவை மூடி வைத்தாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். ஆண்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. அண்ணி வீட்டில் குதிரை இறைச்சியும் தேநீரும் மணத்தன. எட்டிப் பார்க்காத பக்கத்து வீடு எதுவுமில்லை. மக்பால் அம்மா ரவுஷானை நெற்றியில் முத்தமிட்டு, சிவப்புக் கல் வைத்த கம்மலை இரு காதிலும் மாட்டினாள். "என் வீட்டுக்கு வெளிச்சமா வா, மகளே!" எல்லோரும் கைதட்டினோம்.

தேநீர் எடுக்கச் சமையலறைக்குப் போனவள் பின்னாலேயே அவன் வந்தான்.

"நல்லா இருக்கு கம்மல்..."

"பெய்பித், வெள்ளிக்கிழமையே அறிக்கையை அனுப்பிட்டேன். ரெண்டு வரிசையும்."

கெட்டில் கொதித்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

"அப்புறம் எதுக்கு அம்மாவைக் கம்மல் போட விட்ட?"

"ஒரு அரைமணி நேரமாவது போட்டுப் பாக்கணும்னு ஆசை..." குரல் உடைந்தது. "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. கோட்டைப் பிழிஞ்சியே, அப்ப இருந்து. ஒருவேளை நீ என் பக்கம் நிப்பியோன்னு..."

அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "போன வருஷம் நானும் வடிகட்டாம ஒரு வரிசை வச்சேன். இருபதுல பத்தொன்பது அசையல. அப்பாகிட்ட காட்டினேன், கிழிச்சுப் போடுன்னாரு... கிழிச்சேன்." அவள் பக்கம் திரும்பினான். "உன்னை நேசிச்சது மட்டும் நிஜம், ரவுஷான். இன்னிக்கும். ஆனா நாளைக்கு அப்பாவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இந்தக் கம்மலைப் பாத்துக்கிட்டே அவர் எப்படிச் சாப்பிடுவாரு?"

"கழட்டிக்கோ."

மழை ஜன்னலைத் தட்டியது. அவன் வலது காதுக் கம்மலைக் கழற்றினான். இடது காதில் கொக்கி சிக்கிக்கொண்டது. குனிந்தான். அவன் முகம் அவ்வளவு அருகில் வந்தது அதுவே முதல் தடவை... சாம்பல் நிறக் கண்கள், நனைந்த இமை, கன்னத்தில் அவன் மூச்சு. எண்ணிப் பழகிய பெண் அதையும் எண்ணினாள். ஏழு மூச்சு. ஏழாவதில் கொக்கி பிய்ந்து வந்தது. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம்.

"வலிக்குதா?" என்றான்.

"இல்ல" என்றாள்.

பூச்சியின் சாவைக்கூட ஒன்று குறைத்து எழுதத் தெரியாதவள்... அந்த ஒரு கணக்கை மட்டும் பொய்யாகச் சொன்னாள்.