வலது பட்டன்

அன்று காலை நிழல் அடிக்கவே இல்லை.

மாசானம் அதைக் கவனித்தபோது மணி ஏழே முக்கால். இரவு ஷிப்ட் முடிந்து இருங்காட்டுக்கோட்டை கம்பெனியிலிருந்து அறைக்கு வந்து, குளித்தேன் என்று பெயர் பண்ணிவிட்டு, ஈரத் துண்டோடு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பகலில் தூங்குகிறவர்கள் அறை என்பதால் ஜன்னல் முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். வெளியே அடிக்கிற வெயில் அச்செழுத்துகளின் இடுக்கில் மட்டும் மஞ்சளாகக் கசிந்தது. கீழே வீட்டுக்கார சரோஜா அக்காவின் குக்கர் சீறுவதும், நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் முனகிக்கொண்டு கியர் மாற்றுவதும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்று தட்டுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத பிரஸ் ஆயில் வாடை அவன் விரல்களிலிருந்து எழுந்துகொண்டே இருந்தது.

அறை இரண்டு பேருடையது. மாசானத்துக்கு இந்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட், தாவீதுக்குக் காலை ஷிப்ட். ஒரே கம்பெனி, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற ஒரே பிரஸ் மெஷின். இவன் எழுந்த பாயில் அவன் படுப்பான். அவன் வைத்துவிட்டுப் போன வீடியோ கேம் கன்ட்ரோலரை இவன் எடுப்பான். இரண்டு கன்ட்ரோலர் இருந்ததில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது.

இருவரும் ஆடுவது 'கருங்கோட்டை' என்ற வாள்சண்டை விளையாட்டு. இடது பக்கப் பட்டனை அழுத்தினால் கேடயம் எழும், வலது பக்கப் பட்டனை அழுத்தினால் வாள் இறங்கும். எதிராளியின் வாள் மின்னுகிற அந்த ஒரு நொடியில் கேடயத்தைத் தூக்கினால் அவன் தடுமாறுவான். அப்போது வெட்டினால் கதை முடிந்தது. சொல்வதற்குச் சுலபம்தான். மாசானத்துக்கு அந்த நொடி மட்டும் வாய்க்கவே இல்லை. ஒன்று முந்துவான், இல்லை பிந்துவான்.

ஒருவர் வேலைக்குப் போனபின் மற்றவர் ஆட வசதியாக அதில் நிழல் என்று ஒன்று உண்டு. நாம் ஆடுகிற விதத்தைப் பார்த்துப் பார்த்து, நம்மைப் போலவே சண்டை போடும் ஓர் உருவத்தை விளையாட்டு தானே செய்து வைத்துக்கொள்ளும். மாசானம் எட்டு மாதமாகத் தினமும் தாவீதின் நிழலோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டுத்தான் தூங்கினான்.

இன்று அந்த நிழல் கேடயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. மாசானம் வெட்டினான். விழுந்தது. மறுபடி ஆடினான், மறுபடி விழுந்தது. ஐந்து ஆட்டம் வரிசையாக ஜெயித்துவிட்டான். ஆசைப்பட்டுக் கிடந்தது இதற்குத்தானே என்று மனசைத் தட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு துளி சந்தோஷம் இல்லை.

தாவீதுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாசானம்தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து நின்றவனைச் சூப்பர்வைசர் கலைமணியிடம் கூட்டிப் போய், என் தம்பி மாதிரி சார் என்று கெஞ்சிச் சேர்த்துவிட்டான். பிரஸ்ஸில் தகடு வைக்கச் சொல்லிக்கொடுத்தான். கன்ட்ரோலரைப் பிடிக்கவும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். இரண்டிலும் இரண்டே மாதத்தில் தாவீது அவனைத் தாண்டிப் போய்விட்டான். கலைமணி புதுப் பையன்களை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, "கைய பாருங்கபா, தாவீது கைய. இன்னா சுத்தமா போவுது!" என்று காட்டுவார். மூன்று வருஷமாக அதே மெஷினில் காண்ட்ராக்டில் கிடக்கிற மாசானத்தின் கையை யாரும் யாருக்கும் காட்டியதில்லை.

போகட்டும், அதைக்கூட விழுங்கியிருப்பான். முந்தாநாள் நிரந்தர வேலைக்கான பட்டியல் ஒட்டினார்கள். அவர்கள் லைனுக்கு ஒரே ஒரு பெயர். தாவீது பால்கோவாப் பொட்டலத்தோடு ஓடிவந்து, "அண்ணே, எல்லாம் உங்களாலதான்" என்று அவன் வாயில் ஊட்டினான். அந்தத் தித்திப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. அவன் திமிராகப் பேசியிருந்தால் மாசானம் தப்பித்திருப்பான்.

விளையாட்டில் மாசானம் தோற்கும்போதும் தாவீதுக்கு இதே குணம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னான்: "நீங்க பயத்துல வெட்டுதிய அண்ணே. மொதல்ல இடது கைய வைக்கணும். வலது கை சும்மா காத்துக்கெடக்கணும். நேரம் வந்தா அது தானா போவும்."

இடது கை முதலில். பிரஸ்ஸிலும் அவன் அப்படித்தான். இடது உள்ளங்கையை இடது பட்டனில் வைத்துவிட்டு, வலது கையால் தகட்டைக் கடைசியாக ஒரு முறை நேராக்கிவிட்டு, அப்புறம்தான் அந்தக் கையை வலது பட்டனுக்குக் கொண்டுபோவான்.

மாசானம் திரைக்குக் கிட்டே தவழ்ந்து போய் நிழலைப் பார்த்தான். வாள் அதன் காலடியில் கிடந்தது. வலது கை தோளிலிருந்து இறங்கி மணிக்கட்டு வரை வந்திருந்தது. அதற்குமேல் இல்லை.

அப்போதுதான் அட்டைத் துண்டு நினைவுக்கு வந்தது. பொய். அது நினைவை விட்டுப் போகவே இல்லை.

அந்தப் பழைய பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இரவில் உற்பத்திக் கணக்கை எட்ட முடியாமல் தவிக்கிறவர்கள் வலது பட்டனின் ஓரத்தில் மடித்த அட்டையைச் செருகிவிடுவார்கள். பட்டன் அமுங்கியே நிற்கும், இடது கை மட்டும் போதும், வேலை இரண்டு மடங்கு ஓடும். கிட்டே குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஷிப்ட் மாறும்முன் அட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்தில் மாசானம் ஒரு நாளும் அதை மறந்ததில்லை.

இன்று காலை ஆறரைக்குத் தாவீது வந்து நின்றான். "தூங்குங்க அண்ணே, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்றான். மாசானத்தின் விரல் பட்டன் வரைக்கும் போனது. அட்டையைத் தொட்டது. திரும்பி வந்துவிட்டது.

பாயில் கிடந்த போன் அதிர்ந்தது. கலைமணி.

"எங்க கீற மாசானம்?"

"ரூம்ல சார்."

"தாவீது கைய பிரஸ் அட்ச்சிடுச்சுபா. மொத பீஸுலயே. வலது கை, மணிக்கட்டோட போச்சு. ஆளு உயிரோடதான் கீறான், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்." மூச்சு வாங்கினார். "ஆனா கைய காணோம்பா."

"காணோமா?"

"அச்சுக்குள்ள பாத்தாச்சு, ஸ்கிராப் தொட்டில பாத்தாச்சு, மெஷினுக்கு அடில ஆளு பட்த்து பாத்தாச்சு. ஒரு வெரலு கூட இல்ல. மத்தியானம் ஒரு மணிக்குள்ள கை வந்தா தெச்சு ஒட்டிடலாம்னு டாக்டரு சொல்றாரு. நீதான நைட்டு அந்த மெஷின்ல இருந்த? உள்ள எங்கனா சந்து கிந்து கீதா?"

அட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"இல்ல சார். அப்படி ஒண்ணும் கெடையாது."

போனைக் கவிழ்த்து வைத்தான். விசிறி தட்டியது. டக். குக்கர் அடங்கியிருந்தது. லாரிச் சத்தம்கூடத் தூரமாகப் போய்விட்டது. ஆயில் வாடையோடு வேறொன்றும் கலந்து வந்தது. இரும்பு வாடை. ஈர இரும்பு.

திரையில் நிழலின் பெயர் மாறியிருந்தது. இப்போது எதிரே நின்றது மாசானத்தின் நிழல். அவனுடைய கோணல் நிற்பு. அவனுடைய அவசரம். வாளைத் தூக்கிவிட்டது.

கன்ட்ரோலர் தரையில் கிடந்தது. எடுத்தான். இடது கை இடது பக்கத்தைப் பிடித்தது. வலது கையைக் கொண்டுபோனான்.

அங்கே ஏற்கெனவே விரல்கள் இருந்தன.

சூடாக இருந்தன. இறுக்கமாகப் பிடித்திருந்தன. கட்டைவிரல் தன் இடத்தில். ஆள்காட்டி விரல் வலது பட்டன்மேல். நகக்கண்ணில் கருப்பு ஆயில். மணிக்கட்டு வரைக்கும்தான்.

கத்த வாய் திறந்தான். காற்றுதான் வந்தது.

நிழலின் வாள் மின்னியது. பயத்தில் அவன் இடது கை இறுகியது, கேடயம் எழுந்தது. நிழல் தடுமாறியது. அந்தக் கை காத்திருந்தது. ஒரு நொடி. பாதி நொடி. பிறகு ஒரே ஒரு அழுத்து.

வாள் இறங்கியது. சுத்தமாக. நிழல் இரண்டாக விழுந்தது.

திரையில் 'வெற்றி' என்று வந்தது. அதன் கீழே அவன் பெயர். மாசானம்.

எழுந்து ஓட வேண்டும். அந்தக் கையைத் துண்டில் சுற்ற வேண்டும். சரோஜா அக்காவிடம் ஐஸ் வாங்க வேண்டும். ஆட்டோ பிடித்தால் எந்த ஆஸ்பத்திரியானாலும் ஒரு மணிக்குள் போய்விடலாம். எல்லாம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்போது மணி எட்டரை.

இன்னும் ஒன்று ஆடிவிட்டுப் போகலாம் என்று நினைத்தான்.

அடுத்த ஆட்டமும் ஜெயித்தான். அதற்கடுத்ததும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நொடி அவனுக்கு வாய்த்துக்கொண்டே இருந்தது. இடது கை அவனுடையது, வலது கை அது. வெட்டு விழும்போதெல்லாம் உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் தாவீது ஒருத்தன் மட்டும் இதை அனுபவித்திருக்கிறானே என்று வயிறு எரிந்தது. இனி அனுபவிக்க மாட்டான். எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தான். அந்தக் கை கன்ட்ரோலரை விடவில்லை.

பத்து மணி. பதினொன்று. செய்தித்தாள் ஜன்னல் வெள்ளையாகக் காய்ந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து பாயின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"மாசானம்! கீழ என் நம்பருக்கு போன் மேல போன் வருது," கதவைத் தட்டினாள் சரோஜா. "அந்தப் பையன் கைய கேட்டு அழுவுறானாம்பா. இன்னா பண்ற உள்ள? கதவ தொற!"

அவன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான். பன்னிரண்டரைக்கு அந்தக் கை ஓர் ஆட்டத்தில் பிந்தியது. விரல்கள் குளிர்ந்திருந்தன. நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"ஆடுலே," என்றான்.

வாயருகே கொண்டுபோய் ஊதினான். ஈரத் துண்டை எறிந்துவிட்டுப் போர்வையால் தேய்த்தான். தொடையிடுக்கில் வைத்துச் சூடேற்றினான்.

ஒரு மணி அடித்தபோது அது பட்டன்மேல் சும்மா கிடந்தது. எதிரே அவனுடைய நிழல் வாளைத் தூக்கியது. மின்னியது. மாசானம் தன் வலது கையை அந்தக் கைமேல் வைத்தான். விரலுக்கு விரல் பொருத்தினான். தன் ஆள்காட்டி விரலால் அந்த விறைத்த விரலை அமுக்கினான்.

முந்திவிட்டான்.

நிழல் அவனை வெட்டியது. அவன் மறுபடி தொடக்கத்துக்குப் போய், நீல நகத்தின்மேல் தன் நகத்தை வைத்து அமுக்கினான். கதவு இடிபட்டுக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினான்.